நன்றியுரையில் சொன்னது

ஜூன் 11, 2025. புதன்

சாரல் தொடங்கிவிட்டது. மாடியில் துணி மூன்று நாளாகக் காய்வதுபோல் நடிக்கிறது.

எம்.ஏ. முடித்து ஊர் திரும்பி ஓராண்டு. இதுவரை அச்சில் வந்த என் படைப்புகள்: அப்பாவின் மன்றத்துக்கு எழுதிக்கொடுத்த நோட்டீஸ்கள். என் வாசகர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள்.

பயிற்சி: அப்பாவை மூன்று வரியில் எழுதுக.
பிச்சைமணி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். தென்காசி மூத்தோர் மனமகிழ் மன்றத்தின் செயலாளர், எல்லா நோட்டீஸிலும் கடைசி வரி – 'தங்கள் நல்வரவை விரும்பும்'.

காலையில் மன்றத் தலைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி வாசலில் நின்றார்.

"ஏ பிச்சைமணி, துபாய்ல மூத்தவன் எப்படி இருக்கான்?"

"அங்கன சரியான வெயிலு அண்ணாச்சி. நாப்பத்திரண்டு டிகிரி."

தினமும் செல்போனில் துபாய் வெப்பநிலையைப் பார்த்து வைத்துக்கொள்கிறார். பொய்யே என்றாலும் தகவல் பிழை கூடாது.

துபாயில் எங்களுக்கு யாரும் இல்லை. மூத்தவன் என்றும் ஒருவன் இல்லை. அக்கா இருக்கிறாள். வேல்விழி. திருநங்கை. குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் இசக்கிதுரை அத்தானோடு பழக்கடை வைத்திருக்கிறாள். மங்குஸ்தான், ரம்புட்டான், துணிச்சல்காரர்களுக்கு துரியன்.

எங்கள் துபாய், வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர்.


ஜூன் 14, சனி

அம்மா மாடியில் காயாத துணியைத் தடவிப் பார்த்தபடி அக்காவோடு போனில் பேசுகிறாள். இந்தச் சாரலில் இவ்வளவு தடவை துணி பார்க்கும் ஒரே வீடு எங்களுடையதுதான். அப்பாவுக்குத் தெரியாதா? தெரியும். அம்மா இறங்கி வந்ததும், "துணி நல்லா இருக்கா?" என்றார். "இருக்கு. லேசா சளி" என்றாள் அம்மா. அவர் செய்தித்தாளுக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டு வருடம் முன்பு ஆவணியில் இலஞ்சிக் கோயிலில் அக்கா கல்யாணம். அப்பா போகவில்லை. அவர் சொல்லும் குறை ஒன்றே ஒன்று. அவள் பெண்ணாக வாழ்வது அல்ல. அத்தானை மணந்ததும் அல்ல.

"எங்கிட்ட நேர்ல வந்து கூப்பிட்டாளா?"

வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டில் அது அழைப்பில் சேராது. தாய்மாமா தன் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார் என்று, நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்பாவுக்கு அவரோடு பேச்சில்லை.

"அவ நேர்ல வந்திருந்தா நீங்க கதவத் தெறந்திருப்பீங்களாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது வேற விசயம்."

அக்காவின் கணக்கு வேறு. "ஏட்டி, நானா அங்கன வந்து நிக்க மாட்டேன். அவரு வந்து கூப்பிடட்டும். நேர்ல. தாம்பாளத்தோட. அன்னைக்கு வாரேன்."

இரண்டு பேருக்கும் ஒரே சட்டம். ஒரே பிடிவாதம். ஒரே மூக்கும்கூட.


ஜூன் 19, வியாழன்

சாரல் காலப் பாராட்டு விழாவுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். வருவதாக இருந்த ஓய்வு பெற்ற நீதிபதிக்கு மூட்டுவலி. அப்பா சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன்: "சார்பதிவாளர் அகிலாண்டேஸ்வரி மேடம் இந்த மாசம் ரிட்டையர் ஆகுறாங்களாம்."

அப்பா முகம் மலர்ந்தது. "அட, ஆமா! சங்கரபாண்டி அண்ணாச்சி பத்திரத்த ஒரே நாள்ல பதிஞ்சு குடுத்த அம்மால்லா?"

அந்த அம்மாதான். அக்காவின் கல்யாணத்தையும் அவர்தான் பதிந்தார். அதற்கு முன் இரண்டு அலுவலகங்களில், 'கம்ப்யூட்டர் எடுக்காது' என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

ஏன் அவர் பெயரைச் சொன்னேன்? நன்றியா? சூழ்ச்சியா? நன்றி என்று எழுதிக்கொள்கிறேன். கையெழுத்து கோணுகிறது.


ஜூன் 22, ஞாயிறு

மேடம் போனை எடுப்பதில்லை. முந்தாநாள் அலுவலகத்தில் கேட்டபோது, "ஞாயித்துக்கிழம காலைல ஐந்தருவியிலதான் இருப்பாவ" என்றார்கள்.

இருந்தார்கள். பெண்கள் பக்கத்தில், நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் அருவியை வாங்கியபடி, கண்ணை மூடி. தியானம்போல இருந்தது. குறுக்கிட்டால் பாவம். குறுக்கிட்டேன்.

"மேடம்! உங்களுக்குப் பாராட்டு விழா!"

"என்னது?"

"பாராட்டு விழா! மன்றத்துல!"

"எதுக்கு?"

"உங்க சீரிய பணிக்கு!"

"சீரிய பணின்னா எது? பத்திரம் பதியறதா? அது எல்லாரும் பண்றதுதானே!"

அருவியின் இரைச்சலில் நுணுக்கமாகப் பேச முடியாது. எனக்குத் தெரிந்த மொழியெல்லாம் மௌனத்துக்கும் தாளுக்கும் உரியது. தொண்டை கிழியக் கத்தினேன்:

"எங்க அக்கா திருநங்கை! அவ கல்யாணத்தப் பதிஞ்சு குடுத்தீங்கல்லா – அதுக்கு!"

வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் வழியும் முகங்கள். ஒரு வயதான அம்மா, "நல்லதுதானம்மா. கொஞ்சம் தள்ளி நில்லு, மத்தவங்களும் குளிக்கணும்லா" என்றார்.

வெளியே வாழ்நாள் முழுக்கச் சொல்லாத வாக்கியம். அதற்கு உலகின் எதிர்வினை: தள்ளி நில்.

மேடம் தலை துவட்டிக்கொண்டே வந்தார். "நீ சாட்சி போட்டவதானே? பேனாவ அழுத்திப் பேப்பர்ல ஓட்டை போட்டவ."

"நான்தான் மேடம்."

"இங்க பாரும்மா. எனக்குப் பாராட்டு வேண்டாம்னெல்லாம் சொல்ல மாட்டேன். வேணும். ஆனா எதுக்குன்னு நோட்டீஸ்ல போடணும். எதுக்குன்னு சொல்லாம போத்துற சால்வை வெறும் துணி. அப்புறம், அந்தப் பிள்ளைங்க ரெண்டு பேரும் மேடையில என் பக்கத்துல உக்காரணும்."

நான் தலையாட்டினேன். சாரலில் நனைந்து வீடு வந்தேன். நனைந்தது சாரலில் மட்டுமா என்று தெரியவில்லை.


ஜூன் 24

நோட்டீஸுக்கு என் முதல் வரைவு:
'ஒரு முத்திரை விழுந்தது. பிறகு மழை.'

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "இது நோட்டீஸா, துட்டிச் சேதியா? யாரு செத்தா?"

காரணம் எங்கே என்று கேட்டார். மேடத்தின் நிபந்தனையைச் சொன்னேன். திருநங்கை என்ற சொல்லைச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, செல்போனை எடுத்து, துபாய் வெப்பநிலையைப் பார்த்தார்.


ஜூன் 27, வெள்ளி

மன்றக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில். நான் காபி கொடுக்கும் சாக்கில் நின்றேன்.

ஒருவர்: "'சமூக சேவைக்காக'ன்னு பொதுவாப் போட்ருவோமே."
இன்னொருவர்: "இதெல்லாம் நமக்கு எதுக்கு? எம்மருமவன் கேட்டா என்ன சொல்ல?"

அப்பா கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தார். பேனா நகரவில்லை.

சங்கரபாண்டி அண்ணாச்சி காபியை ஆற்றினார். அவருடைய முடிவுகள் எல்லாம் டம்ளருக்கும் டபராவுக்கும் நடுவில்தான் பிறக்கும்.

"ஏய், அந்தம்மா எம் பத்திரத்த ஒரே நாள்ல பதிஞ்சு குடுத்தா. ஒருத்தன்ட்டயும் என்னைய அலைய விடல. அவ எதச் செஞ்சாலும் சட்டப்படி சரியாத்தான் செஞ்சிருப்பா. போடும்வே நோட்டீஸ்ல!"

சமத்துவத்துக்கு ஆதரவாக இப்படி ஒரு வாதத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. யாராலும் மறுக்கவும் முடியவில்லை. எல்லோரும் மேடத்திடம் ஏதோ ஒரு பத்திரத்துக்குப் போனவர்கள்.

"அந்த ஜோடியும் மேடைக்கு வரணும். டி.வி.க்காரன் வந்தாலும் வருவான். செயலாளர் போயி நேர்ல அழைச்சிரும். நம்ம வழக்கம் அதான்."

வழக்கத்தை ஏற்படுத்தியவரே அப்பாதான். 'மேடையேறுபவர்களைச் செயலாளர் நேரில் சென்று தாம்பாளத்துடன் அழைக்க வேண்டும்.' ஒன்பது வருடமாக யாரையும் வாட்ஸ்அப்பில் அழைக்க விட்டதில்லை.

மன்றத்தில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. நாங்கள் கீழப்பாவூரிலிருந்து தென்காசிக்குக் குடிவந்தபோதே அக்கா வீட்டில் இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் துபாயில் ஒரு மூத்தவன்.

எல்லோரும் போன பிறகு அப்பா கேட்டார்: "அந்த ஜோடி யாரு? பேரு சொல்லு, ஊரு சொல்லு."

"வேல்விழி – இசக்கிதுரை. குற்றாலம். பழக்கடை."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்தார். கலைத்துத் திரும்ப அடுக்கினார்.

"கடை எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"


ஜூன் 28

நோட்டீஸ் அச்சாகிவிட்டது. இறுதி வாசகம் நான் எழுதியதுதான்:
'திருநங்கை ஒருவரின் திருமணத்தை, மற்றத் திருமணங்களைப் போலவே பதிவு செய்த...'
அப்பா ஒரு சொல்லும் திருத்தவில்லை. அடியில்: 'தங்கள் நல்வரவை விரும்பும், சு. பிச்சைமணி.'


ஜூலை 2, புதன்

அப்பா காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தாம்பாளம் வைத்த பை சகிதம் குற்றாலம் பஸ் ஏறினார். "மன்ற வேலை" என்றார். அம்மா, "போயிட்டு வாங்க" என்றாள். குரலில் அடக்கிய திருவிழா.

பதினொரு மணிக்கு அக்காவின் போன்.

"ஏட்டி, அப்பா இங்கன நிக்காரு."

"உங்கிட்டயா?"

"எதுத்த கடையில! ரம்புட்டானுக்குப் பேரம் பேசிட்டு நிக்காரு. அரை மணி நேரமா. நான் இங்கன கெடந்து பாத்துட்டே இருக்கேன்."

"நீ கூப்பிடு, அக்கா."

"நான் ஏன் கூப்பிடணும்? ஏட்டி, அந்தக் கடை ரம்புட்டான் முந்தாநேத்துச் சரக்கு. உள்ள பூராவும் சொத்தை. வாங்கிராதீங்கன்னு சொல்லு அவர்ட்ட."

"நீயே சொல்லேன்."

"நான் பேச மாட்டேன். ஐயோ, வாங்கிட்டாரு! ரெண்டு கிலோ வாங்கிட்டாரு!"

அவள் அழுதாள். மகளாகவா, வியாபாரியாகவா? பிரிக்க முடியவில்லை.

அப்பா மாலையில் வந்தார். மெயின் அருவி, சிற்றருவி, ஐந்தருவி, மூன்றிலும் குளித்திருக்கிறார். ஒன்றில் எண்ணெய்த் தேய்ப்பும். பைக்குள் நோட்டீஸ் நனைந்து தாம்பாளத்தில் ஒட்டிக்கிடந்தது.

"அங்கன ஒரே கூட்டம். சந்திக்க முடியல" என்றார்.


ஜூலை 3

ரம்புட்டான் பூராவும் சொத்தை. அப்பா மட்டும் சாப்பிட்டார். ஒன்று விடாமல்.


ஜூலை 6, ஞாயிறு

காலையில் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். அவள் பெயர் ஆவுடைத்தாய் என்பதே எங்களுக்கு எப்போதாவது நினைவுக்கு வரும். இன்று வந்தது.

"மன்ற வேலைக்கு நானும் வாரேன்" என்றாள்.

"மன்றத்துல பெண் உறுப்பினர் கெடையாதே" என்றார் அப்பா.

"இன்னைக்குச் சேந்துட்டேன்."

மூன்று பேரும் பஸ்ஸில். தாம்பாளம் அம்மா மடியில். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், புது நோட்டீஸ். அப்பா ஜன்னல் வழியே தென்காசியையே முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

கடை. அக்கா மங்குஸ்தானைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அத்தான்தான் தராசைக் கீழே போட்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். மேடைக்குரல்.

"தென்காசி மூத்தோர் மனமகிழ் மன்றத்தின் சார்பில், வருகிற சனிக்கிழமை மாலை நடைபெறும் விழாவுக்கு, தம்பதி சமேதராக..."

அக்கா ஒரு பழத்தைத் துடைத்தாள். "மன்றத்துச் சார்பிலயா, வீட்டுச் சார்பிலயா?"

சுற்றுலாக்காரர் ஒருவர் துரியன் என்ன விலை என்று கேட்டார். பிறகு அவரும் நின்று வேடிக்கை பார்த்தார்.

அப்பா தாம்பாளத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. எம்.ஏ.

"ரெண்டுக்கும் நான்தான் செயலாளர்" என்றார் அப்பா.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, தாம்பாளத்தை இரு கையாலும் வாங்கினாள். அம்மா குங்குமம் வைத்தாள். அத்தான், "சார், உள்ள வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். உள்ளே என்று ஒன்று இல்லை. பழக்கூடைதான். அப்பா அதில் உட்கார்ந்தார்.

கிளம்பும்போது அக்கா ஒரு பை ரம்புட்டான் கொடுத்தாள். "இதத் தின்னு பாக்கச் சொல்லு, ஏட்டி. அப்ப தெரியும் வித்தியாசம்." அப்பா பக்கத்தில்தான் நின்றார். என்னிடம்தான் சொன்னாள்.

பஸ்ஸில் ஒன்றை உரித்து வாயில் போட்டார். தென்காசி வரும்வரை கொட்டையைத் துப்பவில்லை.


ஜூலை 12, சனி

விழா. மழை. மண்டபத்தின் தகரக் கூரைமேல் அடித்த சத்தத்தில் வரவேற்புரை காணாமல் போனது. யாருக்கும் இழப்பில்லை.

மேடையில் நடுவே அகிலாண்டேஸ்வரி மேடம். ஒரு பக்கம் சங்கரபாண்டி அண்ணாச்சி. மறு பக்கம் அக்கா, அத்தான். அக்கா அரக்குப் பட்டு. அத்தானின் சட்டையில் மடிப்புக்கோடு இன்னும் இருந்தது.

சால்வை போர்த்தினார்கள். மேடம் முகர்ந்து பார்த்து மைக்கிலேயே சொன்னார்: "அந்துருண்டை வாசம் வருது. எனக்கு முன்னாடி யாருக்குப் போத்துனீங்க?" கைத்தட்டல். அப்பா பீரோவின் ரகசியம் வெளியானது.

பிறகு பேசினார். "பாராட்டு ரெண்டு வருஷம் லேட். பரவாயில்ல, வாங்கிக்கிறேன். அன்னைக்கு இந்தப் பொண்ணும் பையனும் வந்து நின்னப்ப எனக்கும் பயம் வந்துச்சு. மேல இருந்து யாராவது கேட்டா என்ன சொல்றதுன்னு. திருநங்கை கல்யாணத்தப் பதியணும்னு வந்த கோர்ட்டு தீர்ப்ப எடுத்து மேஜைமேல வச்சிக்கிட்டே கையெழுத்துப் போட்டேன். ஒருத்தரும் கேக்கல. கேட்டா நான் பதில் சொல்லிருவேன்னு பயந்திருப்பாங்க. இவங்க ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி எத்தன வாசல் ஏறி எறங்குனாங்க, அத மட்டும் மறந்துராதீங்க."

அக்கா தலை குனியவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். அவர் மேடையின் ஓரத்தில் நன்றியுரைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பின்பக்கம் போண்டா பொரிக்கும் வாசனை வந்தது. எங்கள் ஊரில் நன்றியுரை என்பது எழுந்து போவதற்கான மணி. சங்கரபாண்டி அண்ணாச்சிதான் முதலில் இறங்கினார். நாற்காலிகள் இழுபட்டன. அப்பா வாசிக்க ஆரம்பித்தபோது எதிரே காலி நாற்காலிகள்தான்.

"...மண்டபம் தந்து உதவியவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்த பீர் மைதீன் சவுண்ட் சர்வீஸுக்கும், மழையையும் பொருட்படுத்தாது வருகை தந்த என் மூத்த மகள் வேல்விழிக்கும், மருமகன் இசக்கிதுரைக்கும், தேநீர், போண்டா வழங்கிய..."

நிறுத்தாமல் வாசித்தார். மைக்செட்டுக்கும் போண்டாவுக்கும் நடுவே.

கேட்டவர்கள்: அக்கா. அத்தான். அம்மா. நான். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பீர் மைதீன். மாலை கழுத்தில் கிடந்ததால் எழுந்து போக முடியாத மேடம். அவர் ஒருவர் மட்டும் கைதட்டினார். வெகுநேரம்.


ஜூலை 13

கேள்வி: யாரும் கேட்காத இடத்தில் சொன்னது தைரியமா, தந்திரமா?

அக்காவிடம் கேட்டேன். "எல்லாரும் போண்டாவுக்குப் போயிட்டாங்க. நான் கேட்டேம்லா" என்றாள். பிறகு, "எப்பவும் இப்படித்தான் சொல்லுவாரா இனிமே? காலி நாக்காலிட்டயா?" என்றாள்.

பதில் எழுத ஒரு வரி விட்டுவைக்கிறேன்.




ஆகஸ்ட் 9

சங்கரபாண்டி அண்ணாச்சி: "துபாய்ல இப்ப எப்படி?"
அப்பா செல்போனை எடுத்தார். பார்க்காமல் பைக்குள் வைத்தார்.
"அங்கன... சாரலு."
"துபாய்லயா?"
"இந்த வருசம் எங்கயும் சாரல்தான்."


அக்டோபர் 5, ஞாயிறு

அப்பா தாம்பாளத்தைத் துலக்கச் சொன்னார். மன்றத்தில் விழா எதுவும் இல்லை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போனார். என்னை அழைக்கவில்லை.

திரும்பி வந்த அம்மா சொன்னாள்: "தலை தீபாவளிக்கு அழைச்சிட்டாவ."

"கல்யாணமாகி ரெண்டு வருஷமாச்சேம்மா."

"'தள்ளிப்போனா குத்தமில்ல, அழைக்காம விட்டாத்தான் குத்தம்'னு சொல்லுதாவ. மருமவன் 'சரி சார்'னான். 'சார் என்னடே சார், மாமான்னு சொல்லு'ன்னாவ. அவன் 'சரி மாமா சார்'னு சொல்லிட்டான்."


அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அதிகாலையிலேயே அக்காவும் அத்தானும் வந்துவிட்டார்கள். அத்தான் கூடத்தில் பலகைமேல் துண்டோடு உட்கார்ந்திருக்க, அம்மா தலையில் எண்ணெய் வைத்தாள். அக்கா அடுக்களையில் நின்று அதிரசத்தில் பாகு சரியில்லை என்று குறை சொன்னாள். வீடு வீடு மாதிரி இருந்தது. இதைவிட நல்ல வரி தேடினேன். வேண்டாம்.

வாசலில் சங்கரபாண்டி அண்ணாச்சி. கையில் ஸ்வீட் பெட்டி.

"ஏ பிச்சைமணி! துபாய்ல தீபாவளிக்கு லீவு உண்டா?"

அப்பா இடுப்பில் துண்டோடு, நெற்றியில் எண்ணெய் வழிய வாசலுக்குப் போனார். செல்போன் உள்ளே இருந்தது.

"துபாயும் இல்ல, ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி. மூத்தது மகதான். வேல்விழி. உள்ள அதிரசம் சுடுதா."

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அக்கா சட்டுவத்தோடு திரும்பிப் பார்த்தாள். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்த முகம். அண்ணாச்சியின் வாய் திறந்து மூட வெகுநேரம் ஆனது.

"ஏன்வே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நன்றியுரையில சொன்னேம்லா. நீரு போண்டா திங்கப் போயிட்டீரு."

மழை இல்லை. எங்கோ ஒரு சரவெடி வெடித்து முடிந்தது. பிறகு அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். ஒரு கால் படியில். நின்றார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

"அது சரி. தலை தீபாவளிக்கு என்னைய யாரு அழைச்சா? அழையாத வீட்டுக்குள்ள நான் எப்படி வர?"

அப்பா உள்ளே வந்தார். தாம்பாளத்தை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, குங்குமம். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, வாசலில் போய் நின்றார். மேடைக்குரல்.

"அண்ணாச்சி, எம் மூத்த மக வேல்விழி வந்திருக்கா. மருமவனும் வந்திருக்காரு. நீரு வரணும்."